இருபது சீட்டும் ஒரு பால்மா டின்னும்: இருள் கற்பனை விளையாட்டுக்குக் கட்சிகள் கட்டிய கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2022 மார்ச் கடைசி, இலங்கையில் பொருளாதார நெருக்கடி. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. மலையகத்தில், ஹட்டனில் நான் நடத்துவது ஒரு சின்னப் போட்டோகாப்பிக் கடை, கரண்ட் இல்லாவிட்டால் அது ஒரு மேசையும் ஆறு பிளாஸ்டிக் கதிரையும் மட்டும்தான். கொழும்பில் ஹோட்டல் வேலை போய் ஊருக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் அந்த மேசையில் ஏழு டைஸை உருட்டிவிட்டு, கரண்ட் வேண்டாத கேம் ஒன்று இருக்கிறது, ஆள் மட்டும் சேர்ந்தால் போதும் என்றார்.

ஆள் சேர்ந்தது. தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர், லீசிங் கம்பனி ஒன்றில் தவணை வசூலிக்கும் தம்பி, உயர்தரம் படிக்கிற பையன், பாமசியில் வேலை செய்கிற கொஸ்லந்தைப் பக்கத்துத் தங்கச்சி, அப்புறம் டைஸ் கொண்டுவந்த நண்பர். கதை நடத்துவது நான், ஏனென்றால் கடை என்னுடையது. இவர்களைப் பற்றி இதற்கு மேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. எழுதட்டுமா என்று ஐந்து பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1974இல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் வெளிவந்ததுதான் இந்த வகையின் தலைப்பிள்ளை. ஒருவர் உலகத்தையும் அதில் உள்ள மற்ற மனிதர்களையும் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்குவார்கள், முடிவு தெரியாத இடத்தில் டைஸ் பேசும். இருள் கற்பனை என்பது அதில் ஒரு ரகம்: மாயம், பேய், பழைய தெய்வம் எல்லாம் உண்டு, ஆனால் நல்லவன் ஜெயிப்பான் என்ற உத்தரவாதம் கிடையாது. அந்த உலகத்தில் ஒன்றோடொன்று இழுபறி பண்ணும் கூட்டங்களைக் கட்டுவதுதான் கதை நடத்துகிறவரின் பெரிய வேலை. இந்த எழுத்து அந்த ஒரு வேலையைப் பற்றியது மட்டும்.

இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதிகளில் 12 பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்தோம். கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நேரம் அது, அதற்கு மேல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் முயற்சி

ஏப்ரல் மாதம் நான் ஏழு கூட்டங்களை எழுதினேன். ரத்தம் குடிக்கும் பிரபு குலம், சூனியக்காரிகளை எரிக்கும் சபை, கூலிக்குக் கொலை செய்யும் சங்கம், கொள்ளைநோய் வைத்தியர்கள், இன்னும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்க வரலாறு, கொடி, சின்னம், ஆயிரம் வருஷத்துப் பகை. ராத்திரி மெழுகுதிரி வெளிச்சத்தில் கஷ்டப்பட்டு எழுதியது, வாசித்தால் நன்றாகவே இருக்கும்.

மூன்று நாள் விளையாடினோம். ஒருவருக்கும் ஒரு பெயரும் ஞாபகம் நிற்கவில்லை. எல்லாரையும் "அந்தக் கறுப்பு அங்கிக்காரனுங்க" என்றே சொன்னார்கள், அதுவும் இரண்டு வெவ்வேறு கூட்டத்துக்கு ஒரே பெயர். பையன் மட்டும் மரியாதைக்காக ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டான், அவனும் மூன்றாம் நாள் கொப்பியை வீட்டில் மறந்துவிட்டு வந்தான்.

கவனித்தது

இரண்டு விஷயம் கவனித்தேன். இரண்டாம் நாள், வழியில் இருக்கட்டுமே என்று ஒரு கடைக்காரனை வைத்தேன். அவனிடம் ஒரு கணக்குக் கொப்பி, பெயர் கூட வைக்காத ஆள். பாத்திரங்கள் அவனிடம் கடனுக்கு விளக்கெண்ணெய் கேட்டார்கள், அவன் பழைய பாக்கியைக் கேட்டான், அந்தப் பேரம் நாற்பது நிமிஷம் ஓடியது. பிரபு குலத்தின் கோட்டைக்கு வந்த பிறகு அந்த நாற்பது நிமிஷத்தில் கால்வாசி உயிர் கூட இல்லை.

மூன்றாம் நாள், லீசிங் தம்பி கோட்டைச் சுவரில் சாய்ந்தபடி (அவர் பாத்திரம்தான்) கேட்டார்: "அண்ணே, இந்த ஆளுங்களுக்கு அரிசி எங்கேயிருந்து வருது?" கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏழு கூட்டம், பதினாலு பக்கம், ஒன்றிலும் யார் சமைக்கிறார்கள் என்று இல்லை.

ஜூனில் பெற்றோல் இல்லாமல் பஸ்ஸும் ஓடாமல் போக, விளையாட்டு நின்றது. அந்த இடைவெளி எனக்கு உதவியது என்றுதான் சொல்ல வேண்டும்.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தேன்

முதலில் ஏழையும் தூக்கிப் போட்டேன். அந்தப் பதினாலு பக்கத்தின் பின்பக்கத்தைப் பிறகு பாத்திரத் தாளாகப் பயன்படுத்தினோம்.

இரண்டாவது, சொல்லை மாற்றினேன். ஃபேக்‌ஷன், குழு, அணி எல்லாம் வாயில் ஒட்டவில்லை. கட்சி என்றேன், உடனே எல்லாருக்கும் புரிந்தது. தோட்டத்தில் "நீங்க எந்தக் கட்சி?" என்றால் எந்தச் சங்கத்துக்குச் சம்பளத்தில் சந்தா வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) நாலு காம்பராவுக்கு (அறை) இரண்டு கட்சி இருக்கும், ஒரே வீட்டில் புருஷன் ஒன்று பெண்சாதி ஒன்று கூட இருக்கும், ஆனால் தண்ணீர் பிடிக்க எல்லாரும் போவது ஒரே பீலிக்கு, அதாவது மலைத் தண்ணீர் விழும் குழாய்க்கு. என் முதல் ஏழும் தனித்தனிக் கோட்டையில் உட்கார்ந்திருந்தன. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்காத கூட்டங்களுக்குள் சண்டை வந்தால் அது யுத்தம், யுத்தத்தில் பேச அதிகம் இல்லை. ஒரே பீலியென்றால் தினமும் முகத்தில் முழிக்க வேண்டும், அங்கேதான் கதை இருக்கிறது.

அதனால் நாலே கட்சி, ஒரு கட்சிக்கு அரைத்தாள். அதில் மூன்று கேள்விக்கு மட்டும் இடம்: மற்றவர்களுக்குத் தேவையான எது இவர்கள் கையில் இருக்கிறது, யாருக்கு யார் கடன், யாரும் தடுக்காவிட்டால் இவர்கள் எதைச் செய்து முடிப்பார்கள். மூன்றாவது கேள்விக்குக் கீழே ஆறு கட்டம் வரைந்தேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் கட்சிக்கு ஒரு தடவை ஆறுமுக டைஸ் உருட்டுவது, 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு கட்டம் கறுக்கும், ஆறும் கறுத்தால் அந்தக் காரியம் நடந்துவிடும், பாத்திரங்கள் அங்கே இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. இது என் கண்டுபிடிப்பு இல்லை, வெளிநாட்டு விளையாட்டுகளில் இதைக் கடிகாரம் என்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆகவே ஏறக்குறைய பன்னிரண்டு நாளில் நிரம்பும் என்று பையன் கணக்குப் போட்டுச் சொன்னான்.

மூன்றாவது, என்னென்ன வரக்கூடாது என்று தொடங்கும் முன்பே எல்லாரிடமும் பேசினேன். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து மலை இறங்கியது. தங்கச்சியின் ஊர் அங்கேயிருந்து தூரமில்லை. அவர் கேட்காமலே நான் சொன்னேன், இந்த உலகத்தில் மண்சரிவு கிடையாது, மலை மீது என்ன சாபம் வந்தாலும் மலை இறங்காது. அவர் தலையசைத்தார், அவ்வளவுதான். பெரிய காயத்தைப் பார்த்து விலகிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இதைக் கீழே திரும்பவும் சொல்ல வேண்டி வரும்.

நாலு கட்சி

உலகம் இப்படி. மூட்டம் விலகாத மலைநாடு. செத்தவர்கள் படுத்துக் கிடக்க மாட்டார்கள், கருங்கொழுந்து என்ற இலையைப் புகைத்தால்தான் அடங்குவார்கள். அந்த இலையில் இப்போது துரு விழுந்திருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: 1869இல் இலங்கையின் கோப்பி இலையில் கண்ட துருநோய் இருபது வருஷத்துக்குள் கோப்பிக் காலத்தையே முடித்துவைத்தது, தேயிலை அந்த வெற்றிடத்தில்தான் மலை முழுக்கப் பரவியது. ஒரே பயிரை நம்பியிருக்கும் நாட்டில் ஒரு இலைப்புள்ளி போதும், அதற்கு டிராகன் வேண்டாம்.

துண்டுக்காரர். பழைய காலத்தில் துண்டு என்று ஒரு முறை இருந்தது. இந்தக் கங்காணிக்கும் (தோட்டத்துக்கு ஆள் பிடித்து வேலை வாங்குபவர்) அவர் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பார், அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டிவிட்டு ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் கைமாறினால் ஆளும் கைமாறுவான். 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நான் செய்தது ஒரே ஒரு மாற்றம்: எங்கள் உலகத்தில் செத்தாலும் துண்டு செல்லும். கடன் தீராதவன் எழுந்து வந்து வேலை செய்வான், அவன் மனைவி பகலில் பறித்த அதே மலையில் இரவில் அவன் பறிப்பான்.

ரோதை மடம். தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அங்கே ரோதமுனிக்குப் படையல் வைக்கும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ரோதை என்றால் சக்கரம், இயந்திரத்துக்கும் ஒரு முனி உண்டு. கருங்கொழுந்தை அரைக்கும் சக்கரம் இவர்கள் கையில், அது நின்றால் ஊரே எழுந்து நடக்கும். சக்கரத்துக்கு என்ன தீனி போடுகிறார்கள் என்பதுதான் ரகசியம்.

மற்ற இரண்டும் ஒரே தெய்வத்தின் இரண்டு பக்கம்: எரிந்த கட்சி, எரியாத கட்சி. இதை நான் கற்பனையே பண்ணவில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிகிறான். லாவணி என்ற பாட்டுப் போட்டியில் ஒருவர் காமன் எரிந்தான் என்று பாட, எதிராளி எரியவில்லை என்று பாட, விடிய விடியக் கேள்வியும் பதிலும் நடக்கும். பெயரோடு சேர்த்து அப்படியே எடுத்துக்கொண்டேன். எரிந்த கட்சி சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு, தெய்வம் போய்விட்டது, நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. எரியாத கட்சி, அவன் உருவம்தான் மறைந்தது, ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறான், பிடித்து வெளியே எடுக்க வேண்டும் என்கிறது. எப்படி வெளியே எடுப்பார்கள் என்று இரண்டாம் நாள் தெரிந்தபோது தங்கச்சி கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

என்ன பலித்தது

2022 செப்டம்பரில் மறுபடி தொடங்கினோம், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளிலும் சில ஞாயிறுகளிலும். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. பெயர் யாரும் மறக்கவில்லை.

நான்காம் நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீச்சரின் பாத்திரமும் பையனின் பாத்திரமும் எரியாத கட்சியிடம் பிடிபட்டார்கள். தப்பிக்க டைஸ் உருட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டீச்சர் மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்தார், தப்பு அடிக்கிற மாதிரி, முதலில் மெல்ல. சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்த கூத்தின் மெட்டில், எரியாதவன் என்றால் சாம்பல் யாருடையது என்று ஒரு வரி பாடினார். நான் எரியாத கட்சியாகப் பதில் சொல்ல வேண்டும், எனக்கு வரவில்லை, பேச்சிலேயே ஏதோ சொன்னேன். பையன் அதை மடக்கினான். ஒரு மணி நேரம் டைஸைத் தொடவே இல்லை. கடைசியில் அவர்களை விடுவிப்பதைத் தவிர எனக்கு வழியில்லை, என் கட்சி வாதத்தில் தோற்றிருந்தது. அன்று முதல் அந்த இரண்டு கட்சிகளுடனான மோதலுக்கு டைஸ் இல்லை, வாதம் மட்டும் என்று விதியாக்கினோம்.

இன்னொன்று தற்செயலாக வந்தது. ஐந்தாம் நாள், ஒரு காரியம் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் இருபதுமுக டைஸ் (எண் பெரிதானால் நல்லது) கடையின் பலகைத் தரைச் சந்தில் விழுந்தது, எடுக்க முடியவில்லை. ஒரு பழைய பால்மா டின்னில் 1 முதல் 20 வரை எழுதிய கடதாசிச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டால் டைஸுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் நண்பர் அடிக்கடி போட மறப்பார், பையன் "போட்டுட்டுக் குலுக்குங்கண்ணே" என்று கத்துவான். அந்தக் கத்தலில்தான் யோசனை வந்தது: துண்டுக்காரரோடு மோதும்போது மட்டும் எடுத்த சீட்டைத் திரும்பப் போடக்கூடாது, இருபதும் தீரும் வரை. 20, 19, 18 மூன்றையும் இன்று எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் பதினேழு சீட்டின் சராசரி 9. இன்றைக்கு வந்த அதிர்ஷ்டம் நாளைக்கு வெட்டிக்கொள்ளப்படும். கடன் என்றால் என்ன என்று நான் எழுதிய எந்தப் பத்தியையும் விட அந்த டின் நன்றாகச் சொன்னது. மூன்று நாளைக்குள் டின்னைப் பார்த்தாலே எல்லாருக்கும் எரிச்சல் வர ஆரம்பித்தது. ஒரு கட்சியைக் கட்டுகிறவனுக்கு அது பெரிய சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள்

துண்டுக்காரருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு லீசிங் தம்பியோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, வசூலுக்குப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சொன்னார். பொழுது சாயும் நேரத்தில் போவோம், அப்போதுதான் ஆள் நிச்சயம் வீட்டில் இருக்கும். சத்தம் போட மாட்டோம். வாசலில் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்வோம். தண்ணி கேட்போம். மெல்லக் குடிப்போம். காசைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, அக்கம்பக்கம் பார்த்தால் போதும்.

அதை அப்படியே எடுத்து ஒரு கணக்கனைச் செய்தேன். மூட்டத்தில் லயத்து வாசலுக்கு வருவான், ஸ்டூல் கேட்பான், தண்ணி குடிப்பான். தண்ணிக் கணக்கன் என்று மேசையே பெயர் வைத்தது. நான் செய்த பாத்திரங்களிலேயே அதிகம் வெறுக்கப்பட்டவன் அவன்தான். தம்பியும் சிரித்தார், முதல் இரண்டு தடவை.

2023 மே மாதம், ஒன்பதாம் நாள். பாத்திரங்கள் துண்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே கணக்கன் இருந்தான். கதவைப் பூட்டியது டீச்சரின் பாத்திரம். பையன் டின்னை மேசையில் அடித்தான், நண்பர் விசிலடித்தார், நானும் கை தட்டினேன். தம்பி "நான் வெளியில நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அவர் பாத்திரத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார், கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது.

அடுத்த தடவை அவர் வரவில்லை. மாத முடிவு, வேலை என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஒரு நாள் அடையாள அட்டை போட்டோகாப்பி எடுக்க வந்தார். மெஷின் சூடாகும் வரை நின்றுகொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல், "அண்ணே, அந்தத் தண்ணி குடிக்கிறது நான்தானே" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. டீச்சரின் கூடப்பிறந்த தம்பி லீசிங்கில் எடுத்த த்ரீவீல் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றபோது, தவணைக்காக அந்த வீட்டு வாசலில் இவர் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை. ஸ்டூல் எடுத்துக் கொடுத்ததே டீச்சர்தான். இரண்டு பேரும் இதை ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே என் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிறுத்தியதும் திரும்பத் தொடங்கியதும்

ஜூலை கடைசியில் விளையாட்டை நிறுத்தினேன். மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போன வாரங்கள் அவை. டீச்சர் கடைசி நாள் மாத்தளைக்குப் போய்விட்டு வந்தார், வந்த பிறகுதான் அவரோடு பேசினேன். "அவன் மேல எனக்குக் கோவமில்ல. அந்த ஸ்டூல் மேலதான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கதவப் பூட்டும்போது அவன் மூஞ்சியப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பூட்டினேன்" என்றார். அதற்கு என்னால் பதில் எதுவும் சொல்ல முடியவில்லை.

மூன்று வழி இருந்தது. துண்டுக்காரரை மொத்தமாகத் தூக்குவது; அப்படிச் செய்தால் நடந்தது தப்பு என்று இரண்டு பேர் மீதும் முத்திரை குத்தியது போலாகும். கணக்கனை நல்லவனாக்குவது; அது பொய், டீச்சர் முகத்தில் அடிப்பது மாதிரி. மூன்றாவது, கட்சிக்குள்ளேயே யார் யாருக்குக் கடன் என்று இன்னும் ஒரு படி கீழே போய்ப் பார்ப்பது. என் அரைத்தாளில் இருந்த இரண்டாவது கேள்வியை நானே பாதியில் விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. யோசனை தம்பியுடையது: "அவனுக்கும் மேல ஒரு துண்டு இருக்கும்லண்ணே. எங்களுக்கு டார்கெட் இருக்கிற மாதிரி." வரலாறும் அப்படித்தான். ஆள் பிடிக்கத் தோட்டம் கொடுத்த முன்பணம் கங்காணியின் பேரிலும் கடனாக ஏறியது.

டீச்சரிடம் கேட்டு, தம்பியிடம் கேட்டு, பிறகுதான் வைத்தேன்: எரிந்த கூடத்தில் எரியாத ஒரு இரும்புப் பெட்டி, அதில் கணக்கர்களுடைய துண்டுகள். முதல் சீட்டு தண்ணிக் கணக்கனுடையது. ஆக அவனும் எழுந்து வருவான்.

இன்னொரு விதியும் சேர்ந்தது. யாருக்காவது ஒரு காட்சி ஒத்துவரவில்லையென்றால் டீ கிளாஸைக் கவிழ்த்து வைக்கலாம். கவிழ்த்தால் காட்சி அங்கே நிற்கும், ஏன் என்று கேட்கக்கூடாது. கார்டு, சமிக்ஞை என்று வெளியில் நிறைய முறை இருக்கிறது, எங்களுக்குக் கையில் இருந்தது கிளாஸ்.

பின்விளைவு

செப்டம்பரில் திரும்பக் கூடினோம். தம்பி பதினோராம் நாளிலிருந்து வந்தார், மிச்சமிருந்த ஆறில் நாலு நாள் இருந்தார். கிளாஸ் மூன்று தடவை கவிழ்ந்தது, தம்பி ஒன்று, தங்கச்சி ஒன்று, ஒரு தடவை நான்.

பதின்மூன்றாம் நாள் துண்டுக்காரரின் ஆறாவது கட்டம் கறுத்தது. செத்தவர்களின் துண்டு பிள்ளைகள் பெயருக்கு மாறியது. யாராலும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த மூன்று நாளும் எல்லாரும் எரிந்த கட்சியோடு வாதத்தில் இருந்தார்கள். எழுந்து வந்த கணக்கன் பழைய வாசல்களுக்கே போனான், ஆனால் இப்போது அவனால் தண்ணி குடிக்க முடியவில்லை, வாய்க்குள் போவது அப்படியே வழிந்தது. டீச்சரின் பாத்திரம் அவனுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டது. நான் எழுதிவைத்த காட்சி இல்லை அது. அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று நான் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை.

ரோதை மடம் கடைசிவரை பெரிதாக எடுபடவில்லை. ரகசியத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அதற்கப்புறம் அங்கே போக யாருக்கும் காரணம் இல்லை.

பதினாறாம் நாளோடு, டிசம்பரில், முடிந்தது. முடிந்தது என்பதை விட நின்றது என்று சொல்லலாம். நண்பருக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது, பையனுக்குப் பரீட்சை. தம்பி வசூல் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போனார், விளையாட்டினால் என்று நான் சொல்ல மாட்டேன், அங்கே சம்பளம் கூடுதல். அவரும் டீச்சரும் கண்டால் பேசிக்கொள்கிறார்கள்.

மறுபடி செய்தால்

எது வரக்கூடாது என்று கேட்டபோது நான் பேரழிவுகளைத்தான் நினைத்தேன். மண்சரிவு, பறிபோன பிரஜாவுரிமை, ஆட்களை ஏற்றிப்போன கப்பல், லயத்தில் பிடித்த தீ. எல்லாரும் சேர்ந்து சுமக்கிற பெரிய துக்கங்கள் அவை, அவற்றைப் பார்த்து விலகுவது சுலபம். நான் பார்க்காமல் விட்டது போன மாதத்துத் தவணை. அடுத்த தடவை முதல் கேள்வி இதுதான்: உங்கள் வேலையில், உங்கள் வீட்டு வாசலில் நடப்பதில் எதை நான் எடுக்கக்கூடாது? மேசையில் இருப்பவர் தொழிலிலிருந்து ஒரு நுணுக்கம் எடுத்தால் அவருக்கே முதலில் காட்டுவேன், அதை வில்லனுக்குப் போடப் போகிறேன் என்றும் சொல்வேன். டீ குடிக்கும்போது சொன்னது விளையாட்டுக்குச் சொன்னதாகாது. தம்பி சிரிப்பதை நிறுத்தியதை நான் கவனித்தேன், அதன் பொருளைக் கவனிக்கவில்லை.

கிளாஸ் விதி முதல் நாளே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாம் நாள் அது இருந்திருந்தாலும் தம்பி கவிழ்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான், நாங்கள் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

கட்சி கட்டுவதில் மாற்றுவது: யாருக்கு யார் கடன் என்ற கேள்வியை ஒரு கட்சிக்கு மூன்று படி கேட்பேன், தலைவன், கணக்கன், வாசல் காவலாளி என்று. ஏழு வேண்டாம், நாலும் அதிகம், மூன்றோடு தொடங்கி நாலாவதை விளையாடுகிறவர்கள் கேட்கும் வரை விட்டுவைப்பேன். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுமே, அதை வைத்து அணைக்கு அடியில் ஊரைவிட்டுக் கிளம்ப மறுத்த சனம் ஒன்று வேண்டும் என்று தங்கச்சி பத்தாம் நாள் கேட்டார், அதற்கு என் உலகத்தில் இடமே மிச்சமிருக்கவில்லை.

அப்புறம், டீச்சர் கடைசி நாள் கேட்ட ஒன்று. நாலு கட்சிக்கும் தலைவர்கள் ஆண்கள். பகலில் கருங்கொழுந்தைப் பறிப்பது முழுக்கப் பெண்கள் என்று நானே எழுதியிருந்தேன். "அப்ப பறிக்கிறவளோட கட்சி எங்க?" என்றார். இருந்திருக்க வேண்டும், எழுதவில்லை.

அந்தக் கட்சியை அவரே எழுதுகிறார், அடுத்த கதையை அவர்தான் நடத்தப் போகிறார். தை மாதம் வந்து டின்னை வாங்கிக்கொண்டு போனார். திறந்து எண்ணிப் பார்த்ததில் பதினேழாம் இலக்கச் சீட்டு இல்லை. மேசையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு புதுச் சீட்டில் 17 எழுதி உள்ளே போட்டு மூடினார்.